லிஸ்ட்டில இல்லாத லதீசன்

அசையாதேங்கோ பிள்ளை, கண்ணை மூடுங்கோ... ஆ, அப்பிடித்தான். நீங்களே சொல்லுங்கோ. முதல் வருசம் இருபத்தேழு. அடுத்த வருசம் இருபத்தொன்பது. அதுக்கடுத்த வருசம் எட்டு! எட்டு! எட்டுக்கு வந்த பொடியனை இந்த வருசம் லிஸ்ட்டில பேரே இல்லாமல் செய்தா மனுசருக்கு விசர் வராதோ? எனக்கு வந்தது. வந்த விசரில நான் செய்த வேலைக்குத்தான் இப்ப கிடந்து முழிக்கிறன்... இல்லை இல்லை, நீங்கள் கதைக்காதேங்கோ, புருவத்துக்குப் பிடிக்கிற நூல் வெட்டிப்போடும்.

ஆரோ? லதீசன். என்ர தங்கச்சியின்ர மூத்தவன். கனடா, ஸ்காபரோ. நீங்கள் இந்தியா என்ன? உள்ள வரேக்க 'ஆமா' எண்டனீங்கள், அப்பவே பிடிச்சிட்டன். டொக்டரோ? கழுத்தில அட்டை தொங்குது, அதுதான் கேட்டன். லஞ்சுக்கு வெளிக்கிட்டு வந்தனீங்கள் போல. மணிக்கூட்டைப் பாக்காதேங்கோ, ரெண்டு நிமிச வேலை. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில யோகா அன்ரியின்ர கை மாதிரிக் கெதியான கை இல்லை. மற்றவை நூலை வாயில கடிச்சுக்கொண்டு செய்யினம், கண்டிருப்பியள். நான் கழுத்தில மாட்டிப்போட்டுத்தான் செய்யிறது. வாயில கடிச்சா கதைக்க ஏலாதெல்லே! பிறகு என்னத்துக்கு ஒரு கடை?

இந்தத் தொப்பியைப் பாத்துத்தானே சிரிக்கிறியள்? கொக்குப் படம். ஹெரன்ஸ் எண்டு அமெரிக்காவில ஒரு ரீம். பேஸ்போல். லதீசன் அதில பந்து எறியிறவன். பேஸ்போல் தெரியுமோ? எனக்கும் தெரியாது. எங்கட இவர் கிரிக்கெட் பாக்கிற மனுசன், அவருக்கே விளங்கேல்லை. ஏன் ஓடுறாங்கள், ஏன் நிக்கிறாங்கள், ஏன் எல்லாரும் விதை சப்பித் துப்புறாங்கள்... ஒரு நாள் முழுக்க இருந்து பாத்தன், எனக்குக் கொட்டாவிதான் வந்தது. ஆனால் லிஸ்ட் விளங்கும் பிள்ளை! லிஸ்ட் எனக்கு நல்லா விளங்கும்!

எப்பிடியெண்டா, பெரிய ரீமுக்குக் கீழ சின்னச் சின்ன ரீம் கன இருக்கு. அதில நிக்கிற பொடியளில ஆர் நாளைக்குப் பெரிய ரீமுக்கு வருவான் எண்டு யோசிச்சு, வருசா வருசம் முப்பது பேரை வரிசைப்படுத்தி இன்ரநெட்டில போடுவினம். ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு. பள்ளிக்கூடத்தில கேக்கிறேல்லையோ, உன்ர மகன் வகுப்பில எத்தினையாம் பிள்ளை எண்டு? அதேதான். விளையாட்டு அவையளின்ரதா இருந்தாலும் லிஸ்ட் எங்கட சனத்தின்ர பிள்ளை, எங்கட!

கன்னத்தை உப்பாதேங்கோ... ம்ம். முதல் வருசம் இருபத்தேழாம் பிள்ளை. நான் இந்தத் தெரு முழுக்கச் சொன்னனான். மீன் கடையில சொன்னன், தபால் கொண்டு வாற வெள்ளைக்காரனுக்கும் சொன்னன். அடுத்த வருசம் பாத்தா இருபத்தொன்பது! உடன கனடாவுக்குப் போன் எடுத்து, என்னடி தங்கச்சி, பிள்ளை கீழ போறான், நீ என்ன பாத்துக்கொண்டு இருக்கிறாய், ஒரு நல்ல ரியூசனில விடு எண்டன். அவள் சிரிக்கிறாள். அவன் நல்லாத்தானாம் எறியிறான், ரீம் புதுசா ரெண்டு பொடியளை எடுத்ததால இவன் கீழ போட்டானாம். உதெல்லாம் சாட்டு! எங்கட வீட்டில நாங்கள் சொல்லாத சாட்டோ? வாத்தி சரியில்லை, பேப்பர் கஸ்ரம்...

பிறகு மூண்டாம் வருசம். எட்டு! எப்பிடி ஒரே பாய்ச்சல் எண்டு கேளுங்கோ. இவனுக்கு மேல நிண்ட கொஞ்சப் பேரை ரீம் வேற ஊருக்குக் குடுத்துப்போட்டு, ஒரு பெரிய ஆட்டக்காரனை வாங்கினதாம். எங்கட வகுப்பில அந்த வசதி இருந்திருந்தா நானும் முதலாம் பிள்ளையா வந்திருப்பன்! அண்டைக்கே மனோர் பார்க் முருகனிட்டப் போய் அருச்சனை. ஐயர் நட்சத்திரம் என்னெண்டு கேக்கிறார், நான் வாய் தடுமாறி, எட்டாம் பிள்ளை ஐயா எண்டுறன்.

லிஸ்ட்டில முதலாவதா ஒருத்தன் நிக்கிறான். பேர் வேண்டாம். அசையிறானே இல்லை! வருசா வருசம் அவன்தான். அவனைப் பற்றியும் முருகனிட்ட ஒரு சொல்லுச் சொன்னனான்... சீ, சீ, கால் கை உடையச் சொல்லேல்லை பிள்ளை, நானென்ன ராட்சசியோ! ஒரு தடிமன் காய்ச்சல் அளவில, ரெண்டு கிழமை படுத்தாப் போதும் எண்டு...

ஆ, இந்தப் பக்கப் புருவம் முடிஞ்சுது. கண்ணாடியைப் பாருங்கோ, சினிமாக்காரி மாதிரிக் கிடக்கு. பொறுங்கோ, மற்றதுக்குப் போக முதல் நூலை மாத்துறன்.

எங்க விட்டன்? ஓம், எட்டு. போன வருசம் தங்கச்சி சொல்லுறாள், அக்கா, இவன் இப்ப மூண்டு ஏயில நிக்கிறான் எண்டு. அந்தச் சின்ன ரீம்களுக்கு அப்பிடித்தானாம் பேர். ஒரு ஏ, ரெண்டு ஏ, மூண்டு ஏ. மூண்டு ஏ எண்டா பெரிய ரீமுக்கு அடுத்த படி. எனக்கு ஆர் உதெல்லாம் சொன்னது? மூண்டு ஏ எண்டா எங்களுக்கு ஒரேயொரு அர்த்தம்தானே! கம்பஸ் போக எடுக்கிற ஏ-எல் சோதினை! பொடியன் விளையாடிக்கொண்டே படிச்சு மூண்டு ஏயும் எடுத்திட்டான் எண்டு நான் ஒரு கலியாண வீட்டில சொல்ல, கதை லண்டனின்ர மற்றப் பக்கம், ரெய்னர்ஸ் லேன் வரைக்கும் போச்சுது. அங்க நகுலேஸ்வரி எண்டு ஒரு அக்கா. அவவின்ர மகள் தாரகா. கண் பரிசோதிச்சுக் கண்ணாடி குடுக்கிற படிப்புப் படிச்சவள். வடிவான பிள்ளை, சிரிச்சால் கன்னத்தில குழி. நகுலேஸ் அக்கா தானா என்னைத் தேடி வந்து, உங்கட பெறாமகனைப் பற்றிக் கேள்விப்பட்டன் எண்டா. பிறகு நான் திருத்திச் சொன்னனான் பிள்ளை, மறைக்கேல்லை! சோதினை இல்லை அக்கா, பந்து எண்டு. அவவும், ஏதோ ஒண்டில மூண்டு ஏ தானே எண்டிட்டா.

பொடியனும் பெட்டையும் போனில கதைச்சுப் பிடிச்சுப் போட்டுது. அவன் கதைக்கேக்கயே தெரிஞ்சுது. முந்தி என்னோட கதைச்சா, பெரியம்மா சாப்பிட்டியளோ, வைக்கட்டோ எண்டு ரெண்டு சொல்லோட ஓடுறவன், இப்ப அரை மணித்தியாலம் நிக்கிறான், தாரகாவை இந்தக் கிழமை கண்டனீங்களோ எண்டு. நாங்கள் பொடியனின்ர குறிப்பை எழுதுவிச்சுக் குடுத்திட்டம். நீங்கள் ஜாதகம் எண்டுறது, அதுதான். யாழ்ப்பாணத்தில இருக்கிற சாத்திரியார் வட்ஸ்அப்பில எழுதி அனுப்பினவர், ஒரு குற்றமும் இல்லாத சுத்தமான குறிப்பு. அவைதான் பெட்டையின்ர குறிப்பை இப்ப தாறம், பேந்து தாறம் எண்டு இழுத்துக்கொண்டு நிண்டவை. நான் நினைச்சன், அடுத்த லிஸ்ட் வரட்டும், பொடியன் அஞ்சுக்குள்ள வாறானோ பாப்பம் எண்டுதான் காவல் இருக்கினம் எண்டு. நான் அப்பிடித்தான் செய்திருப்பன்!

பிறகு லிஸ்ட் வந்தது. இந்தக் கதிரையில, நீங்கள் இருக்கிற இந்தக் கதிரையிலதான் இருந்து பாத்தனான். மேல இருந்து கீழ வாறன், லதீசனைக் காணேல்லை. கீழ இருந்து மேல போறன், காணேல்லை. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டும் பாத்தன். முப்பது பேர், எங்கட பிள்ளை இல்லை. அந்த முதலாம் பிள்ளை மட்டும் முதலாவதா இருந்து சிரிக்கிறான்! கழட்டி விட்டிட்டாங்கள். பொடியன் பெயில்.

ஒவ்வொரு வருசமும் லிஸ்ட் வந்தா நான்தான் அவனுக்கு முதல் போன் எடுக்கிறது. இந்த முறை நான் எடுக்கேல்லை... அவன் எனக்கு எடுத்தான் பிள்ளை. போனில அவன்ர படம் வருது, சத்தம் போடுது, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். எடுக்கேல்லை. அழப்போறான், என்ன சொல்லித் தேத்துறது எண்டு நினைச்சன்... அது மட்டும் இல்லை. உள்ளதைச் சொன்னா எனக்கு வெக்கமா இருந்தது. இவ்வளவு பேருக்குச் சொல்லிப்போட்டன், இனி எந்த முகத்தோட மீன் கடைக்குப் போறது எண்டு.

சரி, அதை விடுங்கோ. நான் எடுத்த போன் வேற. ஓம், ரெய்னர்ஸ் லேனுக்கு! அவை வேண்டாம் எண்டு சொல்ல முந்தி நாங்கள் சொல்லிப்போடோணும் எல்லே. ஆனால் பொடியன் பெயில் எண்டு சொல்ல ஏலுமோ? ஏலாது. எங்கட சனத்தில ஒரு சம்பந்தத்தை மரியாதையாக் குழப்புறதெண்டா அதுக்கு ஒரு ஆள் இருக்கு. செவ்வாய். குறிப்பில செவ்வாய் பிழையான இடத்தில நிக்குதெண்டா முடிஞ்சுது, ஆரிலயும் கோவமில்லை, ஆருக்கும் மரியாதை கெடாது. எத்தினை வீட்டுப் பழியை அந்தக் கிரகம் பேசாமல் சுமக்குது, பாவம், வாயில்லாச் சீவன்! எனக்கும் எட்டு எட்டு எண்டு ஒரு வருசமா வாய் பழகிப்போச்சு. நகுலேஸ் அக்கா, சாத்திரியார் திருப்பிப் பாத்தவராம், பொடியனுக்கு எட்டில செவ்வாயாம், உங்கட தங்கமான பிள்ளைக்கு ஏன் இந்த வில்லங்கம் எண்டு சொல்லிப்போட்டன். தங்கச்சியையும் கேக்கேல்லை, அவனையும் கேக்கேல்லை.

அதுக்கு அந்த மனுசி என்ன சொன்னவ தெரியுமோ? அப்பிடியோ, நல்லது நல்லது, பேந்து எடுக்கிறன் எண்டு வைச்சிட்டா. நல்லதாம்! ஒரு கவலை இல்லை, ஒரு ஐயோ இல்லை! எனக்கு வந்த கோவம்...

சாயுங்கோ, சாயுங்கோ, எழும்பாதேங்கோ. இனித்தான் கதை. பேந்து என்ர மகள் லக்‌ஷிகா வேலையால வாறாள். நான் மூஞ்சையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறன். என்னம்மா எண்டாள். லதீசன் லிஸ்ட்டில இல்லையடி எண்டன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள் பிள்ளை! அம்மா, அவன் பெரிய ரீமுக்குப் போட்டானம்மா! போய்க் கன நாளாம்! பெரிய ரீமில இவ்வளவு எண்டு ஒரு கணக்கு இருக்காம், அதுக்கு மேல எறிஞ்சா நீ இனி வரப்போற பிள்ளை இல்லை, வந்திட்ட பிள்ளை எண்டு லிஸ்ட்டில இருந்து எடுத்திடுவினமாம். பேர் இல்லாததுதான் பெரிய பாஸாம்! எந்த ஊர்ச் சோதினையில பிள்ளை, பேர் வராட்டிப் பாஸ்?

ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டு தங்கச்சியைக் கேட்டன். அக்கா, உனக்குச் சொன்னா நீ லண்டன் முழுக்கச் சொல்லுவாய், பிள்ளைக்குக் கண்ணூறு நாவூறு பட்டுப்போடும், கொஞ்சம் காலூண்டட்டும் எண்டு இருந்தனாங்கள் எண்டுறாள். கூடப்பிறந்தவள் சொல்லுற கதையோ? நான் ஆருக்குச் சொல்லுறன்? அண்டைக்கு அவன் போன் எடுத்ததும் அதைச் சொல்லத்தானாம். அம்மா மறிச்சும் கேளாமல், பெரியம்மாவுக்கு நான்தான் சொல்லோணும் எண்டு எடுத்தவனாம்...

அண்டைக்குத் தொடங்கின துள்ளல் பிள்ளை எனக்கு. படியில ஏறேக்கயும் சிரிப்பு, கறிக்கு உப்புப் போடேக்கயும் சிரிப்பு. இவர் கேக்கிறார், உனக்குப் பிரஷர் கூடிப்போச்சோ எண்டு. இந்தத் தொப்பியை அண்டைக்கே ஓடர் பண்ணினன். ஆனால் துள்ளத் துள்ள ஒண்டு ஞாபகம் வருது. செவ்வாய்! எட்டில கொண்டுபோய் வைச்ச செவ்வாயை இனி எப்பிடி இறக்குறது? அவன் தாரகாவோட இன்னும் கதைச்சுக்கொண்டு இருக்கிறான், இஞ்ச நான் கலியாணத்தைக் குழப்பின கதை அவனுக்குத் தெரியாது. நகுலேஸ் அக்கா எடுத்து எடுத்துப் பாக்கிறா, நான் போனைத் தலகணிக்குக் கீழ வைக்கிறன்.

கடைசியா ஒரு மூளை வந்துது. இண்டைக்குக் காலமை வொய்ஸ் மெசேஜ் விட்டன். அக்கா, பிழை நடந்துபோச்சு. பொடியன் பிறந்தது ஜூலை மாசம், ரொறன்ரோவில. கோடைக்கு அங்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுறவை. எங்கட சாத்திரியார் யாழ்ப்பாணத்தில இருக்கிறவர், அவருக்கு உது தெரியாது. அந்த ஒரு மணித்தியாலத்தைக் கழிச்சுப் பாத்தா செவ்வாயும் இல்லை ஒண்டும் இல்லை, பொடியன் பால் மாதிரி எண்டு. எப்பிடி? இவர் கேட்டிட்டு, நீ வக்கீலாப் போயிருக்கோணும் எண்டார். ஆனால் இன்னும் பதில் வரேல்லை பிள்ளை. காலமை தொடக்கம் பாத்துக்கொண்டு...

ஐயோ! போன்! அவதான்! ரெய்னர்ஸ் லேன்! எடுக்கட்டோ? எடுக்கிறன். நீங்கள் அப்பிடியே சாஞ்சு கண்ணை மூடியிருங்கோ, மற்றப் புருவம் இப்ப செய்யிறன்.

ஹலோ... ஓம் அக்கா, நான்தான்... நல்ல சுகம்... சீ, கடையில ஒருத்தரும் இல்லை, நீங்கள் சொல்லுங்கோ... ஓம், கேட்டனீங்களோ? ஓம், கோடை நேரம்... என்ன? அழுதனீங்களோ? ஏன் அக்கா? நல்ல செய்திதானே சொன்னனான்... ஆருக்கு? தாரகாவுக்கோ? தாரகாவுக்கு ஏழில செவ்வாயோ!

அதுதான் குறிப்பை இழுத்தடிச்சனீங்களோ... அப்ப, எட்டில செவ்வாய் எண்டு நான் சொன்ன அண்டைக்கு... நல்லது நல்லது எண்டது சந்தோசத்திலயோ? ஓம்... ஓம், செவ்வாய் உள்ளதுக்குச் செவ்வாய் உள்ளதுதான் பொருத்தம், தெரியும்... தேங்காயும் உடைச்சிட்டியளோ! ஐயோ... பேந்து இண்டைக்கு நான் இல்லையெண்டு... ஐயோ, என்ர அம்மா...

அக்கா, பொறுங்கோ. நான் ஒண்டு சொல்லோணும். வேணுமெண்டா போனை வையுங்கோ, ஆனால் கேட்டிட்டு வையுங்கோ. சாத்திரியார் திருப்பிப் பாக்கேல்லை. எட்டில செவ்வாய் எண்டது நான் கட்டின கதை. கோடை நேரமும் நான்தான் கட்டினது. லிஸ்ட்டில பிள்ளையின்ர பேர் இல்லையெண்டவுடன பெயிலெண்டு பயந்துபோனன் அக்கா. அவன் பெரிய ரீமுக்குப் போனதே எனக்குத் தெரியாது... அவனில ஒரு குற்றமும் இல்லை. சனி என்ர நாக்கிலதான் இருக்குது. என்னை எவ்வளவும் ஏசுங்கோ, அவனை மட்டும் விட்டிடாதேங்கோ. அவன் உங்கட பிள்ளையில சரியான விருப்பம்...

ஹலோ? அக்கா? லைனில நிக்கிறியளோ? ...சிரிக்கிறியளோ? ஏன் சிரிக்கிறியள்? ...எங்க போனனீங்கள்? உங்கட சாத்திரியாரிட்டயோ? மெசேஜைக் கேட்டவுடன ஓடிப்போய்... ஓம், பிறந்த நேரம் எங்கட குறிப்பில இருக்கு... அந்த ஒரு மணித்தியாலத்தை உண்மையாக் கழிச்சுப் பாத்தவரோ? பாத்தா? ...எட்டிலயோ? செவ்வாயோ? உண்மையான செவ்வாயோ!

அப்ப நான் சொன்ன பொய் உண்மையோ! இறக்கப்போய் நான்தான் ஏத்தி வைச்சிருக்கிறன்! முருகா, தலை சுத்துது... ஓம் அக்கா, ஓம், சிரியுங்கோ, நானும் சிரிக்கிறன், கண்ணால தண்ணி ஓடுது... பொருத்தம் நல்லதெண்டிட்டாரோ? ...ஞாயிற்றுக்கிழமையோ? வாறம், வாறம்! தட்டத்தோட வாறம்! ...இல்லை அக்கா, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், சத்தியமா, ஒருத்தருக்கும்... சரி, சரி, வையுங்கோ.

பிள்ளை! கேட்டனீங்களோ! சரிவந்திட்டுது பிள்ளை! எட்டில, எட்டிலயாம்! பொறுங்கோ, நூலை எடுக்கிறன், மற்றப் புருவத்தை...

பிள்ளை?

எங்க போட்டா? கழட்டி வைச்ச கோட்டும் இல்லை... ஐயோ, அங்க, பஸ்ஸில ஏறுறா! டொக்டர்! ஒரு புருவம் அப்பிடியே கிடக்கு! டொக்டர்! ...பஸ் வெளிக்கிட்டுது. அந்தக் கோலத்தில ஆஸ்பத்திரியில ஆரைப் பயப்பிடுத்தப் போறாவோ!

...அங்க இப்ப விடிஞ்சிருக்கும். எழும்பியிருப்பான்.

ஹலோ... லதீசன்? ஓம் ராசா, பெரியம்மாதான்... இல்லை, ஒண்டுமில்லை, அழேல்லை... அண்டைக்கு நீ எடுத்தனியெல்லே, நான் எடுக்கேல்லை... ஓம், எனக்கு இப்ப எல்லாம் தெரியும், ஆனால் நீ சொல்லு. முதலில இருந்து சொல்லு. நான் ஒண்டும் கதைக்கமாட்டன்.

...ம்.

...ம், சொல்லு ராசா.